இடது சக்கரத்துத் தழும்பு

தி.நகர் வெங்கட்நாராயணா சாலையிலோ, அடையாறு காந்தி நகரிலோ, மயிலாப்பூர் லஸ் பக்கத்துத் தெருக்களிலோ ஓரமாக நிறுத்தியிருக்கும் கார்களின் சக்கரங்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சாலைப் பக்கம் இருக்கும் வலது சக்கரங்கள் பெரும்பாலும் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கும். சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனால், அலாய் வீலின் விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து வெள்ளை வெள்ளையாகச் சிராய்ப்பு. அதிலும் இடது பின்சக்கரம்தான் அதிகம் அடி வாங்கியிருக்கும். கவனக்குறைவு மட்டும் காரணமாக இருந்தால் நான்கு சக்கரங்களிலும் தழும்பு இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் வந்து சேர்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு வடிவியல் இருக்கிறது.

நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன; ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். பிளாட்பாரத்தை ஒட்டிப் போகும் சக்கரங்கள்தான் அவர் கண்ணுக்கு எட்டாத சக்கரங்கள். இது பாதிக் காரணம். மீதிப் பாதி திருப்பத்தில் இருக்கிறது. கார் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமே இதற்குப் போதும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள கார், இடது முன்சக்கரம் 5 மீட்டர் ஆரத்தில் வட்டமிடும்படி திரும்புகிறது என்று வையுங்கள். பின்சக்கரத்தின் ஆரம், 5-இன் வர்க்கத்திலிருந்து 2.5-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் 4.33 மீட்டர். அதாவது முன்சக்கரம் பிளாட்பார மூலையை அழகாகத் தாண்டிவிட்ட பிறகும், பின்சக்கரம் 67 சென்டிமீட்டர் உள்ளே வருகிறது. மாட வீதி மூலைகளில் இடப்பக்கம் ஒடிக்கும்போது "முன்னால தாண்டிடுச்சே" என்று நினைத்த அடுத்த நொடியில் பின்னால் கரகரவென்று சத்தம் கேட்பது இதனால்தான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்பு வைத்துச் சுருங்கிய சாலைகளில், வெளிப்பக்கம் விரித்துத் திருப்ப இடமே கிடைப்பதில்லை. அந்த 67 சென்டிமீட்டரை எங்கிருந்து எடுப்பது?

அடுத்து உயரம். நடைபாதை 150 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103. முதியவரும் கைத்தடிக்காரரும் சிரமமில்லாமல் ஏறி இறங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இனி ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் 195/55 ஆர்16 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 195 மி.மீ., அதன் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 55 சதவீதம், அதாவது 107 மி.மீ. வீலின் உதடு, அதாவது டயரைப் பிடித்து நிறுத்தும் வெளிவிளிம்பு, அதிலிருந்து சுமார் 17 மி.மீ. கீழே இறங்கி நிற்கும். வண்டிப் பாரத்தில் டயர் அமுங்குவதையும் சேர்த்தால் தரையிலிருந்து வீலின் உதடு 7, 8 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் கல்லுக்கு அது எட்டாத உயரமே இல்லை. குறுக்கே காப்பாக இருப்பது ஒன்றுதான்: டயரின் பக்கச்சுவர் வீலை விடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வெளியே பிதுங்கி நிற்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பர் அமுங்கியதும் உலோகம் கல்லைத் தொட்டுவிடும். காற்று குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. அதன்பின் பல சாலைகளில் நடைபாதைகள் புதிதாக வந்தன. 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நல்ல விளிம்புக்கல் வைத்த நடைபாதை வந்தபின் காரின் வீல் அடிபடுகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கல் அங்கே நிற்பதே வண்டி மேலே ஏறாமல் இருக்கத்தான். உரசாமல் ஓட்டவும், உரசினால் சரியாகச் சீர்செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கார் வைத்திருக்கும் நாம்தான்.

கல்லும் உலோகமும் தொடும் இடத்தில் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி, அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. தரையிலிருந்து மேலே போகப் போக வேகம் கூடிக்கொண்டே போகும். அச்சின் உயரத்தில் அது காரின் வேகம், உச்சியில் அதைப்போல் இரண்டு மடங்கு. பிளாட்பாரத்தின் மேல்விளிம்பு இருக்கும் 15 சென்டிமீட்டர் உயரத்தில், காரின் வேகத்தில் ஏறக்குறையப் பாதியில் வீல் கல்லின்மேல் வழுக்குகிறது. கார் மெதுவாகத்தான் ஊர்ந்தது, டயர் ஒழுங்காக உருண்டது. ஆனாலும் விளிம்பு சாணை பிடித்ததுபோல் தேய்ந்துவிட்டது என்றால் காரணம் இதுதான். சிராய்ப்பு ஒரே கோடாக இல்லாமல் சிறுசிறு வில்களாக விழுவதும் இந்த அசைவினால்.

அந்தக் கல்லும் லேசுப்பட்டதல்ல. கான்கிரீட் விளிம்புக்கல்லை உடைத்தால் உள்ளே இருப்பது கருங்கல் ஜல்லி. சென்னைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு, அதாவது பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் இருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையில் செய்யப்பட்டது; அதை வைத்துத் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1890-களில் அந்தப் பெயரைச் சூட்டினார். இதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைய. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. வீல் செய்யும் கலவை சுத்த அலுமினியத்தைவிடக் கடினமானதுதான். ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய அந்தப் பாறைக்கு முன் அது எடுபடாது. பெயிண்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீலின் மேல் என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன என்று தெரிந்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று கணிக்க முடியும். உலோகத்தின் மேல் முதலில் ஒரு ரசாயனப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியில் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். இப்போது பிரபலமான டைமண்ட் கட் வீல்களில் இன்னும் குறைவு. அவற்றில் முகப்பை லேத்தில் மெல்லிசாகச் சீவி, பளபளக்கும் வெறும் உலோகத்தின் மேல் நேராகக் கிளியர் கோட் அடித்திருப்பார்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கடலோர ஊருக்கு ஏற்ற வேலைப்பாடு அது அல்ல என்பது என் தீர்மானமான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அலுமினியம் காற்றில் பட்டவுடனே தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த மெல்லிய படலம்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்புத் துரு உதிர்ந்துகொண்டே போகும். இந்தப் படலம் உதிராது, கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். ஆகவே விளிம்பில் வெள்ளையாக உலோகம் தெரிந்ததுமே அலறத் தேவையில்லை. ஆனால் இந்தப் படலத்துக்கு ஓர் எதிரி உண்டு: குளோரைடு. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகளைக் கடற்காற்று உள்ளே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வீலில் தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். சென்னையின் காலை நேரங்களில் இந்த அளவு ஈரப்பதம் சர்வ சாதாரணம்.

கீறல் வழியாக உள்ளே போன இந்த உப்புநீர், கிளியர் கோட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நூல்போல அரித்துக்கொண்டு நகரத் தொடங்கும். கரையான் சுவரில் ஏற்றும் மண்பாதையைப் போல அது வளைந்து வளைந்து போவதை டைமண்ட் கட் வீல்களில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நூலரிப்பு என்று இதைச் சொல்லலாம். நூலின் முனையில் ஆக்சிஜன் குறைவு, குளோரைடு அதிகம்; அங்கே கரைசல் கடும் அமிலமாகி உலோகத்தைக் கரைக்கிறது. வால்பகுதியில் ஆக்சிஜன் தாராளம். அங்கே கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. முனைக்கும் வாலுக்கும் இடையிலான இந்த ஆக்சிஜன் வேறுபாடே அதை மேலும் மேலும் முன்னே தள்ளும் மின்கலம். உலோகம் வெளியே தெரியும் இடத்தில் வருவதைவிட, பூச்சுக்கு அடியில்தான் இந்த அரிப்பு செழிக்கும். ஒரு சின்ன உரசல், ஒரு மழைக்காலம் போதும். பிறகு கீறலே இல்லாத இடங்களிலும் கிளியர் கோட் மங்கி உப்பிக் கிளம்பும்.

அரிப்பை ஆராய நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது, 1953-இல் திறக்கப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று அவர்கள் அரிப்பு வரைபடம் தயாரித்தார்கள். தரமணியில் அந்த நிறுவனத்துக்கு ஒரு பிரிவும் உண்டு. கடலிலிருந்து விலகி உள்ளே போகப் போகக் காற்றில் உப்பு வேகமாகக் குறையும் என்பது இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. திருவான்மியூர் கடற்கரையோரம் நிற்கும் காருக்கும் கோடம்பாக்கத்தில் நிற்கும் காருக்கும் ஒரே உரசல் ஒரே விளைவைத் தராது.

இதுவரை சொன்னது தோல் நோய். எலும்பு முறிவு வேறு.

அலாய் வீலுக்கு ஐ.எஸ்.ஓ. 7141 என்றொரு மோதல் சோதனை இருக்கிறது. டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து, அதன் விளிம்பின்மேல் ஓர் எடையை 230 மி.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். வீல் தாங்க வேண்டிய அதிகபட்சச் சுமையில் 0.6 மடங்கோடு 180 கிலோவைச் சேர்த்தால் வருவது அந்த எடை. 400 கிலோவுக்கான வீல் என்றால் 420 கிலோ எடை விழும். அது கொடுக்கும் ஆற்றல் சுமார் 950 ஜூல். இப்போது ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், நாம் நடக்கிற வேகத்தில், போவதாக வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் சுமார் 965 ஜூல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நடை வேகத்தில் நேருக்கு நேர் கல்லில் இடித்தாலே ஆய்வகச் சோதனைக்குச் சமமான அடி. வேகம் 20 ஆனால் ஆற்றல் 16 மடங்கு. நல்லவேளையாகப் பிளாட்பாரத்தை நாம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தொடுகிறோம். 10 டிகிரி கோணத்தில் உரசினால் கல்லை நோக்கிச் செல்லும் ஆற்றல் மொத்தத்தில் 3 சதவீதம்தான். ஓரம் கட்டும்போது வரும் உரசல் பெயிண்ட்டோடு போவதும், மழைத்தண்ணீருக்கு அடியில் தெரியாத கல்லில் நேராக ஏறியது வீலையே கெடுப்பதும் இந்தக் கணக்கினால்தான். நம் நாட்டிலும் அலாய் வீல்களுக்குத் தரநிலை இருக்கிறது. புதிய வீல் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வண்டியை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்துவது சட்டப்படி தவறு, நடப்பவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. அதைத் தாண்டி, வீலுக்கும் அது கேடு. சக்கரம் கல்லின் முனையில் ஏறும்போது டயர் கல்லுக்கும் வீல் உதட்டுக்கும் நடுவே நசுங்குகிறது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்தால், சில நாளில் டயரின் பக்கத்தில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு வீக்கம் தெரியும். அந்த டயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வீல் எந்த உலோகத்தால் ஆனது என்பது இனி முக்கியம். பெரும்பாலான வார்ப்பு வீல்கள் ஏ356 என்ற கலவை: அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், 0.3 சதவீதம் அளவுக்கு மெக்னீசியம். சிலிக்கான் சேர்ப்பதால் உருகிய உலோகம் அச்சின் இண்டு இடுக்கெல்லாம் நன்றாக ஓடும். ஆனால் உறையும்போது சிலிக்கான் தட்டுத்தட்டாகப் படிகமானால் வார்ப்பு நொறுங்கும். அலாடார் பாட்ஸ் என்ற வேதியியலாளர் 1920 வாக்கில் இதற்கு வழி கண்டார். துளி சோடியம் சேர்த்தால் அந்தத் தட்டுகள் பவளக்கொடிபோல் நுண்ணிய இழைகளாகிவிடும். இன்று அதே வேலைக்கு ஸ்ட்ரான்ஷியம் போடுகிறார்கள். 1924-இல் லியோன் நகரப் பந்தயத்தில் புகாட்டி 35 என்ற கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு களமிறங்கியது.

மெக்னீசியத்தின் பங்கு இன்னும் நுட்பமானது. 1906-இல் பெர்லின் அருகே ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் ஓர் அலுமினியக் கலவையைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து வைத்தார். ஓரிரு நாள் சும்மா கிடந்த பிறகு சோதித்தால் அது முன்பைவிடக் கடினமாகியிருந்தது. காரணம் பிறகு தெரியவந்தது. கரைந்திருந்த அணுக்கள் மெல்ல ஒன்றுகூடி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உலோகமெங்கும் படிகின்றன. உலோகத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதபடி அவை தடுத்துப் பிடிக்கின்றன. வீல் தொழிற்சாலையிலும் இதே சூட்சுமம். வார்த்த வீலை 540 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சடாரென்று தண்ணீரில் குளிர்வித்து, பிறகு 155 டிகிரி அளவில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த துணுக்குகள் சரியான அளவில் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். வீலின் பலம் முழுக்க அந்தத் துணுக்குகளின் அளவில் இருக்கிறது.

மறுபடி சூடு காட்டினால் துணுக்குகள் பருத்துவிடும், எண்ணிக்கை குறையும், பிடிமானம் தளரும். 250, 300 டிகிரிக்குப் போனால் இது சில நிமிடங்களில் நடந்துவிடும். வீலில் பெண்டு எடுக்கும் சில இடங்களில் கேஸ் டார்ச்சால் விளிம்பைச் சூடாக்கி ஜாக்கி வைத்து நிமிர்த்துவது உண்டு. இரும்பில் பழகிய கைக்கு இது இயல்பாக வரும். இரும்பு 500 டிகிரியைத் தாண்டியதும் மங்கலாகச் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது. இந்தக் கலவை சுமார் 555 டிகிரியில் உருகவே தொடங்கிவிடும். அதுவரை பகல் வெளிச்சத்தில் அதன் நிறம் மாறியது தெரியாது. டார்ச் பிடித்தவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் கண்ணால் கணிக்க வழியில்லை. நிமிர்ந்த வீல் பார்க்க வட்டமாக இருக்கும், பேலன்சிங் மெஷினிலும் ஒழுங்காகச் சுற்றும். சூடுபட்ட அந்தக் கையளவு இடம் மட்டும் தொழிற்சாலையில் பெற்ற பலத்தை இழந்திருக்கும். வெல்டிங் வைத்த விரிசலும் அப்படித்தான்; ஒட்டிய கோட்டைச் சுற்றி ஒரு பட்டை மிருதுவாகிவிடுகிறது, அதன் ஓரத்தில் அடுத்த விரிசல் பிறக்கும். பவுடர் கோட்டிங் அடுப்பின் 180, 200 டிகிரி பத்து இருபது நிமிடச் சூட்டை வீல் தாங்கிக்கொள்ளும். நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சுடுவது நல்லதல்ல.

எந்தக் கீறல் ஆபத்து, எது அழகுக் குறை மட்டும்? இதற்கு விடை களைப்பில் இருக்கிறது, உலோகத்தின் களைப்பில். நாம் பார்த்த 16 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 510 முறை சுற்றும். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் 50 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வீலின் ஒவ்வொரு கம்பியும் (ஸ்போக்) ஒருமுறை பாரம் ஏறி இறங்குகிறது. இரும்பில் ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை பாரம் மாறினாலும் விரிசல் வராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு அடியும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கூர்மையான பள்ளம் எங்கே இருக்கிறதோ, அங்கே அழுத்தம் குவியும்.

பிளாட்பாரம் தொடும் வெளி உதடு, தடித்தது, கம்பிகளின் ஆதரவுக்குப் பக்கத்தில் இருப்பது, அழுத்தம் குறைவானது. அதில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிராய்ப்பு இருந்தால் மழுங்கத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும். கம்பி வட்டத்தோடு சேரும் வளைவிலும், போல்ட் துளைகளைச் சுற்றியும் ஆழமான வெட்டு இருந்தால் அது வேறு விஷயம். எல்லாவற்றையும்விட நாம் கவனிக்காதது வீலின் உள்விளிம்பு. கம்பிகள் வெளிமுகத்தை ஒட்டி இருப்பதால் உள்விளிம்புக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பள்ளத்தில் விழுந்தாலும் கல்லில் ஏறினாலும் முதலில் வளைவதும் வெடிப்பதும் அங்கேதான். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. வாராவாரம் காற்று மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சீர்செய்வதில் நல்ல வேலை எது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் ஏமாற வேண்டியதில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வீலும் டயரும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன; டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. முதலில் சோப்புத் தண்ணீரில் உப்பும் எண்ணெயும் போகக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷில் பளிச்சென்று ஆக அமிலக் கிளீனர் தெளிக்க விடாதீர்கள். ஆக்சைடு படலம் கடும் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். பிறகு கரடான உப்புத்தாளில் தொடங்கி மெல்ல மெல்ல மென்மையான வாட்டர் பேப்பருக்கு வர வேண்டும். நூலரிப்பு இருந்தால் அது போன பாதை முடியும் இடம் வரை பூச்சை உரித்தே ஆக வேண்டும். மேலே பெயிண்ட் அடித்து மூடினால் அடியில் அது தொடர்ந்து நகரும். பட்டி பார்ப்பது வெளிமுகத்துப் பள்ளத்துக்கு மட்டும். டயர் உட்காரும் இடத்தில் பட்டி வைக்கவே கூடாது. தேய்த்து முடித்ததும் தாமதிக்காமல் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர். சாதாரண பிரைமர் இந்த உலோகத்தில் சரியாகப் பிடிக்காது. டைமண்ட் கட் முகத்தைக் கையால் மீட்க முடியாது, லேத்தில் மறுபடி சீவ வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும் என்பதால் ஒன்றிரண்டு முறைக்குமேல் இதைச் செய்யக் கூடாது. நான் சொல்வதைக் கேட்டால், கடற்கரையோரத்தில் இருப்பவர்கள் அந்த முகத்தை விட்டுவிட்டு முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். நீண்ட நாள் நிற்கும்.

இரண்டு சின்ன விஷயங்களைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். போல்ட் உட்காரும் குழிகளிலும், வீல் அச்சோடு சேரும் முகத்திலும் பெயிண்ட் படக் கூடாது. அங்கே படிந்த பூச்சு நாளடைவில் நசுங்கி, முறுக்கிய போல்ட் தளர்ந்துவிடும். வீல் மாட்டி 50, 100 கி.மீ. ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி சரிபார்ப்பது எப்போதும் நல்ல பழக்கம். பேலன்சிங்குக்கு விளிம்பில் அடித்து மாட்டும் எடை வேண்டாம், உள்ளே ஒட்டும் எடை போதும். கொக்கி குத்திய இடத்தில் பூச்சு போய், இரண்டு உலோகம் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிபடும்.

விரிசல் சந்தேகம் இருந்தால் டயரைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டி காற்று கசியும் விரிசலை மட்டும்தான் காட்டும். கம்பியில் இருக்கும் மயிரிழை விரிசலுக்குச் சாய ஊடுருவல் சோதனை இருக்கிறது. சிவப்புச் சாயத்தைத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட்டு, மேலே இருப்பதைத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள்; விரிசலுக்குள் இறங்கியிருந்த சாயம் பொடியில் ஊறி ஏறிச் சிவப்புக் கோடாகத் தெரியும். எந்திர உற்பத்தித் தொழிலில் அன்றாடம் செய்யும் சோதனை இது. 1958 முதல் கிண்டியில் தொழிற்பேட்டை இருக்கும் ஊரில் இதைச் செய்பவர்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. புதுப்பேட்டையில் பழைய வீல் வாங்குபவர்கள் புதுப் பெயிண்ட் மின்னும் வீலைவிட, அடித்தது அடித்தபடி இருக்கும் பழைய வீலையே தேர்ந்தெடுங்கள். அதன் வரலாறு உங்கள் கண்முன் இருக்கும்.

அடுத்த முறை எந்தக் காரணத்துக்காக டயரைக் கழற்றினாலும், இடது பக்க வீல்களின் உள்விளிம்பைத் துடைத்துவிட்டு ஒரு டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஒட்டவைக்கப் பார்க்காமல் வீலை மாற்றிவிடுங்கள். பழையதைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, உங்கள் கண் முன்னாலேயே விளிம்பை அறுத்துப் போடச் சொல்லுங்கள். முழுதாகக் கொடுத்தால் அது வெல்டும் பெயிண்ட்டும் வாங்கிக்கொண்டு இன்னொரு குடும்பத்தின் காரில் ஏறிவிடக்கூடும்.